இரண்டு பெட்டி போதும்

வண்டிக் கம்பெனிக்காரர்கள் 'குடும்ப வண்டி' என்று வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் விளம்பரத்தில் காட்டுகிற குடும்பத்தில் நாலே பேர். நாலு பேரும் ஒல்லி. யாருக்கும் வாந்தி வராது, யார் மடியிலும் பலகாரத் தூக்கு இருக்காது. அப்படி ஒரு குடும்பத்தை நான் கோயம்புத்தூரில் இதுவரை பார்த்ததில்லை.

நான் ஒரு நுகர்வோர் சங்கத்துக்காக வண்டிகளைச் சோதித்து மதிப்பெண் போடுகிறவள். பெட்ரோல் வண்டிகள் கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் வாடகைக்குக் கிடைக்கிற அளவுக்குக் காலம் மாறிவிட்டது. என் சோதனைகள் மாறவில்லை. பட்டுப்புடவை கட்டியவள் கொசுவம் கலையாமல் ஏறி இறங்க முடியுமா? பின்னால் கிரைண்டரையும் அரிசி மூட்டையையும் வைத்த பிறகு கதவு சாத்துமா? மலைப்பாதையில் குழந்தை கக்கி வைத்தால் தரை விரிப்பைக் கழற்றிக் குழாயடியில் கழுவலாமா? இவையெல்லாம் தேறினால்தான் மற்றதைப் பார்ப்பேன்.

'வாகை' என்ற மின்வண்டி இவை எல்லாவற்றிலும் தேறியது. நீளமான பின்பக்கம், தாழ்ந்த படி, தேய்த்துக் கழுவக்கூடிய இருக்கைகள். அதன் விலையைக் கேட்டபோது எனக்குச் சந்தேகம்தான் வந்தது. இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறவன் எதிலோ கை வைத்திருப்பான். எதில் என்று கம்பெனியின் பொறியாளர் ஜோதிராஜிடம் நேராகவே கேட்டேன். பேட்டரியில் என்று அவரும் நேராகவே சொன்னார்.

அவர் விளக்கியது இதுதான். மின்வண்டியில் விலை என்பது பெரும்பாலும் பேட்டரியின் விலை. வாங்குகிறவர் என்றைக்காவது ஒருநாள் கன்னியாகுமரி போவார் என்று நினைத்து எல்லாக் கம்பெனிகளும் ஒரு பெரிய பேட்டரியை அவர் தலையில் கட்டிவிடுகின்றன. மிச்ச நாளெல்லாம் அவர் அந்தச் சுமையைக் காய்கறிக் கடைக்கு இழுத்துக்கொண்டு அலைகிறார். வாகையில் அப்படி இல்லை. தரைக்கடியில் ஆர்மோனியப் பெட்டி அளவில் நாலு பேட்டரிப் பெட்டிகளுக்கு இடம் இருக்கிறது. எத்தனை பெட்டி வேண்டும் என்பதை வண்டியே சொல்லும். யார் ஏறுகிறார்கள், எந்த இருக்கையில் என்ன எடை, எந்த ஊருக்கு எவ்வளவு சாமான் என்று சில மாதம் கவனித்துவிட்டு, வரப்போகும் மாதங்களுக்கு இத்தனை போதும் என்று கணக்குச் சொல்லும். தேவையில்லாத பெட்டி கம்பெனிக்குத் திரும்பிவிடும், வாடகையும் குறையும்.

ஜோசியம் மாதிரியா என்று கேட்டேன்.

"ஜோசியக்காரன் வாயைப் பிடுங்கித் தெரிஞ்சுக்குவான் மேடம். இது யார்கிட்டயும் எதுவும் கேக்காது. எடை போடும், அவ்வளவுதான்" என்றார் ஜோதிராஜ்.

கம்பெனி சொல்வதை அப்படியே எழுதிவிட்டுப் போக எனக்கென்ன தலையெழுத்தா? ஒரு நிஜக் குடும்பத்திடம் வண்டியைக் கொடுங்கள், நாலு மாதம் ஓட்டட்டும், அப்புறம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பொள்ளாச்சியில் ஒரு குடும்பத்தைப் பிடித்தார்கள்.

சிவானந்தம் அங்கே உரக்கடை வைத்திருந்தார். நாற்பது வயது, துவைத்து இஸ்திரி போட்ட சட்டை, எதையும் விளக்கிச் சொல்லும் பழக்கம். டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று எனக்கே பாடம் நடத்தினார். அவருடைய அப்பா குழந்தைசாமி, வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். மனைவி சுகந்தி வால்பாறை எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவரின் மகள். ஒன்பது வயதில் தாரணி என்று ஒரு பெண். முன்னிருக்கைகளில் மகனும் அப்பாவும், பின்னால் தாயும் மகளும் என்று சிவானந்தம் முதல் நாளே இடம் பிரித்துவிட்டிருந்தார்.

ஏறி இறங்க வசதியாக இருக்கிறதா என்று சுகந்தியிடம் கேட்டேன். "அவளுக்கு எல்லாம் வசதிதானுங்க மேடம்" என்று சிவானந்தம் பதில் சொன்னார். பின்னிருக்கையில் காற்று வருகிறதா என்றேன். அதற்கும் அவரே சொன்னார். அவருக்குப் பின்னிருக்கையில் காற்று வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அந்தப் பதில்களையெல்லாம் நான் அவர் பெயரிலேயே குறித்துக்கொண்டேன்.

சோதனை வண்டிகளில் ஒரு நடைமுறை உண்டு. வண்டி போடும் கணக்கு முதலில் மதிப்பிடுகிறவளான எனக்குத்தான் வரும். சரி என்று நான் ஒப்புக்கொண்ட பிறகே சொந்தக்காரருக்குப் போகும். அந்தக் கணக்கு, நாலு மாதம் கழித்து நான் போன அன்று காலை, அவர்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. மூன்று பெட்டிகள் இருந்த இடத்தில் இனி இரண்டு போதும் என்றது. வழக்கமான பயணிகள் எத்தனை பேர் என்ற இடத்திலும் இரண்டு என்றே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நாலு பேரும் என் கண்முன்னால்தான் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

வண்டிக்கு எண்ணத் தெரியவில்லை, சிக்கியது தப்பு என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெளியே வந்து ஜோதிராஜைப் போனில் கூப்பிட்டேன். அவர் அங்கிருந்தே பார்த்துவிட்டு, தப்பில்லை மேடம் என்றார். வரப்போகும் மாதங்களின் கணக்கில் முன்னிருக்கை இரண்டும் அப்படியே இருக்கின்றன, பின்னிருக்கை இரண்டும்தான் இல்லை.

"இல்லைன்னா? ஏதாவது ஆயிடும்ங்கறீங்களா?" என்றேன்.

"சேச்சே, அப்படியில்லைங்க. வால்பாறைக்கு மாசம் ரெண்டு தடவை போயிருக்கு. போகும்போது பின்னாடி கனமாப் போகுது, திரும்பும்போது அந்தக் கனம் இல்ல. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமா வீடு மாத்தறவங்க வண்டியெல்லாம் இப்படித்தான் போகும், எங்ககிட்ட ஆயிரக்கணக்குல இருக்கு. யாரு, எதுக்குன்னு அதுக்குத் தெரியாது. ஆனா அந்த ரெண்டு பேரும் அந்த வீட்டுல ரொம்ப நாள் இருக்கமாட்டாங்கன்னு தெரியும்."

காப்பி டம்ளர் என் கையிலேயே இருந்தது. நான் வந்தது ஒரு வண்டியைப் பார்க்க.

அன்றைக்கு மலையேற்றச் சோதனை. வால்பாறைக்குத்தான் போவதாக ஏற்பாடு. நான் கிளம்பும்போது சுகந்தியும் உடன் வருவதாக சிவானந்தம் சொன்னார். பின்னால் ஒரு பித்தளை அண்டாவும் இரண்டு போசிகளும் ஏற்றப்பட்டன. எல்லாம் கல்யாணத்துக்கு அவள் பிறந்த வீட்டில் கொடுத்த சீர்ப் பாத்திரங்கள், பெயர் வெட்டியவை. ஈயம் பூச வேண்டுமாம், அவளுடைய அம்மா ஊரில் நன்றாகப் பூசுகிறார்களாம். மாலைக்குள் கூட்டிவந்து விட்டுவிடுங்கள் மேடம் என்று என்னிடம் சொன்னார், என்னவோ நானே அவளைக் கடன் வாங்கிப் போவது போல.

என் வீட்டிலும் பித்தளைப் பாத்திரம் புழங்குகிறது. ஈயம் பூசுகிறவர்கள் கரி அடுப்பும் துருத்தியுமாக உட்கார்ந்திருப்பது பொள்ளாச்சிக் கடைவீதியில். எஸ்டேட்டுக்காரர்கள் மலையிலிருந்து பாத்திரத்தை மூட்டை கட்டிக் கீழே கொண்டுவருவார்கள். கீழே இருந்து எவளும் அண்டாவை மலை மேலே தூக்கிக்கொண்டு போகமாட்டாள். இது ஒருநாளும் பாத்திரம் தேய்த்திராத ஆளுக்குத் தெரிய நியாயமில்லை. நான் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

சுகந்தி பழக்கத்தில் பின்னால் ஏறப் போனாள். முன்னால் உட்காரம்மா என்று சொல்ல வேண்டியிருந்தது. ஆழியாறு தாண்டி முதல் சில வளைவுகள்வரை ஏற்றத்தில் வண்டி இழுக்கும் விதத்தையே கவனித்துக்கொண்டு வந்தேன். நன்றாகத்தான் இழுத்தது. பிறகு, வால்பாறையில் யாரம்மா ஈயம் பூசுகிறது என்று கேட்டேன்.

அவள் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடத்துக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும், வண்டிக்கு முன்பே தெரியும் என்றேன். கணக்கு வந்ததையும் அதில் இருந்ததையும் சொன்னேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். வண்டிக்குள் பேசும்போதெல்லாம் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாளாம். எடை போடும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அவர் அடிப்பாரா என்று கேட்டேன்.

"அடிச்சதில்லைங்க. அடிச்சிருந்தா நாலு பேருகிட்டச் சொல்றதுக்கு ஒண்ணு இருந்திருக்கும். லேப்ல வேலை பாத்துட்டிருந்தேன், வேண்டாம்னாரு, விட்டேன். போன் அவருகிட்டத்தான் இருக்கும். என்ன சமைக்கணும், எந்தச் சேலை கட்டணும், எல்லாம் அவருதான். பழகிருச்சுன்னு வைங்க. போன வருஷம் ஒருநாள் தாரணி அவங்கப்பாகிட்டப் போயி, தண்ணி குடிக்கட்டுமாப்பான்னு கேட்டுட்டு நிக்குது. அவரு குடின்னு சொன்னப்பறம்தான் குடிச்சுது. அன்னைக்கு முடிவு பண்ணேனுங்க."

முன்பே இரண்டு தடவை அவள் போய்ப் பார்த்திருக்கிறாள். இரண்டு தடவையும் விளக்கு வைப்பதற்குள் சிவானந்தம் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளை பெரியவர்களோடு தேடி வந்து கூப்பிடும்போது, அனுப்பமாட்டேன் என்று சொல்ல அவளுடைய அம்மாவுக்கு நா எழவில்லை. காப்பியைப் போட்டுக் கொடுத்து, மகளையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

"ஒரே ஒரு ராத்திரி அங்க தங்கிட்டாப் போதும்ங்க மேடம். கூப்பிட ஆள் வரலைன்னா பேச்சு மாறிடும். மறுநாள் எங்கண்ணன் பேசிக்குவான், எஸ்டேட் ஆஸ்பத்திரியில வேலை கூடக் கேட்டு வெச்சிருக்கான். அன்னைக்கே வந்துட்டாருன்னா நான் தொலைஞ்சேன்."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். எனக்குக் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். நிலைமையை அவளிடம் உள்ளபடி சொன்னேன். கணக்குத் தவறு என்று நான் எழுதினால், கம்பெனிக்காரர்கள் சிவானந்தத்தையே கூப்பிட்டு இனிமேல் யார் யார் வண்டியில் வருவார்கள் என்று விசாரிப்பார்கள். சரி என்று எழுதினால் அவருடைய திரையில் இரண்டு பெட்டி போதும் என்று வரும். சம்மதம் என்று ஒரு பொத்தான், பக்கத்தில் 'ஏன்?' என்று இன்னொரு பொத்தான். அதைத் தொட்டால் பயணிகள் இருவர் என்று விவரம் வந்துவிடும். விவரம் சொல்லாமல் எதையும் குறைக்கக் கூடாது என்பது சட்டம், அதை எடுக்க முடியாது.

அவள் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. சரி என்றே எழுதுங்கள் என்றாள். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு என்றெல்லாம் அவர் தினமும் கேட்பார், ஏன் என்று மட்டும் கேட்டதில்லை என்றாள். அதை நம்பி ஒருத்தி தலையைக் கொடுக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கொடுக்கப்போகிற தலை அவளுடையது, முடிவும் அவளுடையதுதான். மாலையில் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கணக்கு சரி என்று ஒப்புதல் கொடுத்தேன்.

செய்தி வரும்போது நாங்கள் எல்லாரும் வண்டியைச் சுற்றித்தான் நின்றிருந்தோம். சிவானந்தம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து திரையைப் படித்தார். சுகந்தி காலிப் பையை மடித்துக்கொண்டிருந்தாள், மடித்ததையே திரும்ப மடித்தாள். வண்டிச் சோதனைகளில் நான் பள்ளத்தில் உருண்டிருக்கிறேன், அப்போதுகூட இப்படிப் பயந்ததில்லை.

"பாத்தீங்களா மேடம்" என்று சிவானந்தம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "நான் ஓட்டற ஓட்டுல ஒரு பெட்டியே மிச்சமாயிருச்சு. ஆக்சிலேட்டரை அமுக்கவே மாட்டேனுங்க. நம்ம கைப்பக்குவம் அப்படி."

சொல்லிக்கொண்டே சம்மதத்தைத் தொட்டார். பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, வண்டியைச் சிக்கனமாக ஓட்டுவது எப்படி என்று எனக்கு விளக்கத் தொடங்கினார். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். குழந்தைசாமி பக்கத்து இருக்கையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாளே கம்பெனி ஆட்கள் வந்து ஒரு பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நான் கோயம்புத்தூர் திரும்பி வேறு வண்டிகளைப் பார்க்கத் தொடங்கினேன். மதிப்பெண்ணை மட்டும் போடாமல் வைத்திருந்தேன். சில வாரம் கழித்து ஜோதிராஜிடமிருந்து அழைப்பு வந்தது. சிவானந்தம் புகார் கொடுத்திருக்கிறார், அவசரத்துக்கு வண்டி மலையில் நின்றுவிட்டதாம்.

"ரெண்டு பேரும் போயிட்டாங்க மேடம், வண்டி சொன்ன மாதிரியே" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு கேக்கறேன். போகப்போறாங்கன்னு தெரிஞ்சு வண்டி பெட்டியைக் குறைச்சுதா, இல்ல குறைச்சதாலதான் அவங்களால போக முடிஞ்சுதா? நாங்க இங்க ரெண்டு நாளா இதைத்தான் பேசிட்டிருக்கோம்" என்றார்.

இதே கணக்கு இன்னொரு வீட்டில், 'ஏன்?' என்று தொட்டுப் பார்க்கிற ஒருவன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள் என்றேன்.

புகாரை விசாரிக்க வேண்டியது என் வேலை. பொள்ளாச்சிக்குப் போனேன். சிவானந்தம் சவரம் செய்யாத முகத்தோடு நடந்ததைச் சொன்னார். மதியம் சாப்பிட வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. பஸ்ஸில் போயிருக்கிறார்கள் என்று நாலு மணிக்குத்தான் தெரிந்தது, உடனே அப்பாவைக் கூட்டிக்கொண்டு வண்டியில் கிளம்பினார். யானை நடமாட்டத்தால் மலைப்பாதை செக்போஸ்ட் ஆறு மணிக்கு மூடிவிடும், அதற்குள் ஏறியாக வேண்டும். ஆழியாறில் வண்டி எச்சரித்தது. இரண்டு பெட்டியில் மிச்சமிருக்கும் சார்ஜுக்கு ஒருவர் மட்டும் என்றால் மேலே போய்ச் சேரலாம், இருவர் என்றால் முடியாது. சார்ஜ் போடும் இடத்தில் விடுமுறைக் கூட்டம், வரிசை ரோடு வரைக்கும் நின்றது. அப்பாவை அங்கேயே இறங்கி இருக்கச் சொன்னாராம். அப்பா கேட்கவில்லை.

"பெரியவங்க இல்லாம நீ தனியாப் போயி நின்னா எவன்டா மதிப்பான்னு ஒரே பிடிவாதமுங்க. எனக்கும் அது நியாயம்னுதான் பட்டுச்சு. போயிரலாம், வண்டி சும்மா பயமுறுத்துதுன்னு ஏத்திட்டேன்" என்றார். மலையில் பாதி வழியில், அட்டகட்டிக்கு முன்னாலேயே வண்டி ஒதுங்கி நின்றுவிட்டது. இறங்குகிற பக்கம் திருப்பினால்தான் நகர்ந்தது. கீழே வந்து ஜீப் பிடிப்பதற்குள் செக்போஸ்ட் மூடிவிட்டது. மறுநாள் போனபோது மச்சான் வாசலிலேயே நின்று பேசியிருக்கிறான். இப்போது வக்கீல் வழியாகப் பேச்சு நடக்கிறது. குடும்பத்துக்குத் தேவையான நேரத்தில் கைவிடுகிற வண்டி எப்படிக் குடும்ப வண்டி ஆகும், இதை எழுதுங்கள் மேடம் என்றார். அவர் குரல் உடைந்தது. அவர் மேலும் எனக்கு இரக்கம் வந்தது, அதை மறைக்கவில்லை.

கடையிலிருந்து போன் வந்து அவர் உள்ளே போனார். குழந்தைசாமி என்னை வழியனுப்ப வாசல் கேட்டு வரை வந்தார். கேட்டைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பெட்டியைக் கழட்டிட்டுப் போன அன்னைக்கு, ஏன்னு ஒண்ணு இருந்துச்சுல்லங்க, அதை நான் தொட்டுப் பாத்தேன்" என்றார். "பயணிகள் ரெண்டுன்னு போட்டிருந்துச்சு. எந்த ரெண்டுன்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லைங்க."

"தெரிஞ்சுமா கூடப் போனீங்க?" என்றேன்.

"போகாம இருந்தா அவன் தனியாப் போயிச் சேர்ந்திருப்பானே. முன்னாடி ரெண்டு தடவையும் அந்த வாசல்ல போயி நின்ன பெரியவன் நான்தானுங்க. நானே கூப்பிட்டேன், அந்த அம்மணியும் தலையைக் குனிஞ்சுட்டு வந்து ஏறுச்சு. இந்தத் தடவை என்னால முடிஞ்சது கனமா உக்காந்திருக்கறது ஒண்ணுதான்."

நல்ல காரியம் செய்தீர்கள் ஐயா என்று மட்டும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. திரும்பி வீட்டு வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். மூட்டை முடிச்சு எதுவுமே எடுக்காம, கட்டின வேட்டியோட போறவங்களையும் அந்த வண்டி முன்கூட்டியே கண்டுபிடிச்சுருமாங்க?"

நான் அவரைப் பார்த்தேன். மதிப்பெண் போடுகிறவள் ஊகித்துப் பதில் சொல்லக் கூடாது, அதனால் கொஞ்சம் யோசித்தேன்.

"கண்டுபிடிக்காதுங்க ஐயா" என்றேன். "எடை போட ஒண்ணும் இல்லைன்னா அதுக்குத் தெரியாது."

அப்படியா என்று தலையாட்டினார். கேட்டைத் திறந்து என்னை அனுப்பிவிட்டு, மகன் கூப்பிடும் குரல் கேட்டு உள்ளே போனார்.